ஒரே சென்டரிங் செட், மூன்று வீடு: மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டோடு 4 வருடம்

சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். எப்போதும் மூன்று வேலை ஓடும். கொத்தனார் ஆட்கள் இரண்டு செட், ஆனால் சென்டரிங் செட் (கான்கிரீட் தளம் இறுகும் வரை அடியில் தாங்கும் ஜாக்கி, தகடு) ஒன்றுதான். 4 வருடமாக அட்டவணை முழுவதும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற திட்டமிடும் மென்பொருளில்தான்.

முதல் வருடம் ஆட்களை மட்டும் ரிசோர்ஸாக (வேலைக்குத் தேவைப்படுபவை என்ற பட்டியலில்) எழுதினேன். தளம் கான்கிரீட் போட்டதும் 14 நாள் ‘லேக்’ (இரண்டு வேலைக்கு நடுவில் காத்திருக்கும் இடைவெளி) விட்டு அடுத்த வேலை. ஆள் இடிக்கிறது என்று காட்டும் சிவப்புக் குறி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் சைட்டில், முதல் வீட்டுத் தளத்துக்கு அடியில் ஜாக்கியும் தகடும் மாட்டி நிற்க, இரண்டாவது வீட்டில் கம்பி கட்டுகிறவர்கள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக்குச் செட் எடுத்துத்தான் அந்த வாரத்தைத் தள்ளினேன்.

காரணம் பிடிபட நாளானது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரம்) உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். அந்த நாட்களை லேக் என்று கொடுத்தால், செட் அங்கே மாட்டியிருப்பது புராஜெக்ட்டுக்குத் தெரியாது. அதனால் ‘முட்டு நிற்பது’ என்றே தனி வேலை போட்டு, செட்டை அதில் சேர்த்தேன். அப்போதும் லெவலிங் (ஒரே ரிசோர்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இடித்தால் ஒரு வேலையைத் தள்ளிப் போடும் வசதி) அதைத் தொடவில்லை. செட்டை ‘மெட்டீரியல்’ வகையில் பதிந்திருந்தேன். லெவலிங் பார்ப்பது ‘வொர்க்’ வகையை மட்டும். அந்த வகைக்கு மாற்றி, மேக்ஸ் யூனிட்ஸ் 100% (ஒரு நேரத்தில் ஒரு செட்தான்) வைத்து ‘லெவல் ஆல்’ கொடுத்ததும் இரண்டாவது வீட்டுத் தளம் பின்னால் போனது. மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் வீட்டுக்காரரிடம் அந்தத் தேதியைத்தான் சொன்னேன்.

முட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது. அந்த வேலைக்கும் செட்டுக்கும் ஏழு நாள் காலண்டர் கொடுங்கள். ஆறு நாள் காலண்டரில் விட்டால் 14 நாள் 16 ஆகிவிடும்.

லெவலிங்கில் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று சொல்லும் பிரையாரிட்டி எண் 0 முதல் 1000 வரை. ஒன்றும் செய்யாவிட்டால் எல்லாம் 500. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த வீட்டுக்கு 800 வைப்பேன், லெவலிங் வரிசையில் ‘பிரையாரிட்டி, ஸ்டாண்டர்ட்’ எடுப்பேன். ஆட்டோமேட்டிக் லெவலிங் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் மாற்றினால்கூடத் தேதிகள் தாமாக நகரும். ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிட்டு ‘லெவல் ஆல்’ நாமே கொடுப்பதுதான் நல்லது.

சென்டரிங் மேஸ்திரிக்குச் செட் போகிற இடமும் கழற்றுகிற நாளும் மட்டும் சனிக்கிழமை அச்செடுத்துக் கொடுக்கிறேன். சிமெண்ட் ஷெட் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், “அண்ணே, எப்பக் கழட்டணும்?” என்ற போன் இப்போது வருவதில்லை.