பாதிக் கண்ணாடிக்கு ஒரு ஓஎச்பி ஷீட்: மூன்று வருட டார்ச் லைட் அனுபவம்

கோபி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மஞ்சள். கிணற்று மோட்டாருக்கு மும்முனை கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். மடை திருப்ப நள்ளிரவு தாண்டி வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டியிருக்கும். அதற்காக 2022-இல் வாங்கியதுதான் இந்த டார்ச். ஒரு 18650 செல் (சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி), குழிவான ரிஃப்ளெக்டர், வெள்ளை எல்இடி.

வாங்கிய அன்று தென்னை உச்சிக்கு அடித்துப் பார்த்தேன், மட்டை மட்டையாகத் தெரிந்தது. வரப்பில் இறங்கியதும்தான் சிக்கல் புரிந்தது. காலடியில் வெளிச்சம் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குக் குவிந்து கண்ணைக் கூசியது. அதைப் பார்த்த கண்ணுக்குச் சுற்றிலும் ஒரே இருட்டு. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. அந்தத் தட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தாலும் எனக்குத் தெரியாது.

மச்சானின் ஜூம் டார்ச்சை வாங்கிப் பார்த்தேன். லென்ஸை இழுத்தால் குவியும், தள்ளினால் விரியும். ஆனால் அதில் வீணாவது அதிகம். எல்இடியின் ஒளி முன்பக்கம் முழுக்கப் பரவுகிறது. லென்ஸ் எல்இடியை விட்டு விலக விலக நடுவில் வருவது மட்டுமே அதில் விழும், மீதி கறுப்பு உள்சுவரோடு சரி. 60 பாகைக் கூம்புக்குள் மட்டும் லென்ஸ் பிடித்தால், சாதாரண எல்இடியில் கிடைப்பது கால் பங்குதான். ரிஃப்ளெக்டர் பக்கவாட்டு ஒளியையும் திருப்பி அனுப்பும் என்பதால், என் டார்ச்சையே மாற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் டிரேசிங் பேப்பரை வட்டமாக வெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டினேன். பத்தே நாளில் பனியில் நனைந்து சுருங்கிவிட்டது. அடுத்தது ஓஎச்பி ஷீட், அதாவது புரொஜெக்டரில் வைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் பால் நிறம் வரும்வரை தேய்த்தேன். வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் கோடு விழுந்து, ஒளி அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மட்டும்தான் விரிகிறது. தேய்த்ததை முன் வளையத்தைக் கழற்றிக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தேன். காலடி முழுக்க மெத்தென்ற வெளிச்சம். ஆனால் மோட்டார் ரூம் வரைக்கும் எட்டவில்லை.

அப்புறம்தான் ஷீட்டைப் பாதியாக வெட்டத் தோன்றியது. மூடிய பாதி ஒளியை விரிக்கிறது, திறந்த பாதி தூரத்துக்கு அனுப்புகிறது. நடுப்புள்ளியின் பிரகாசம் பாதியாகக் குறைந்தாலும் தூரம் பாதியாவதில்லை, பத்தில் ஏழு பங்கு மிஞ்சும். எங்கள் தோட்டத்துக்கு அது தாராளம். அப்பா ஒரு ராத்திரி வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்து, "இப்பத்தான்டா வாய்க்கால் ரெண்டு கரையும் தெரியுது" என்றார். அன்றிலிருந்து இன்னொன்று செய்து கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், செய்தும் கொடுத்தேன்.

பிடிக்கும் உயரமும் முக்கியம். தலையில் கட்டும் லைட்டில் ஒளியும் பார்வையும் ஒரே கோட்டில் போவதால், பொருளின் நிழல் அதன் பின்னாலேயே மறைந்து தரை தட்டையாகத் தெரியும். பூச்சியும் முகத்துக்கு வரும். டார்ச்சை முழங்கால் உயரத்தில் சாய்த்துப் பிடித்தால் சின்ன மண்கட்டிக்குக்கூட நீளமாக நிழல் விழும். வரப்பில் கிடந்த ஒரு கறுப்பு டியூப் துண்டை அப்படித்தான் ஏழெட்டு அடி முன்னாலேயே கண்டு நின்றேன். அது பாம்பாக இருந்திருந்தாலும் நின்றிருப்பேன் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

வீட்டில் கரண்ட் போனால் டார்ச்சை நிமிர்த்தி, அடிப்பக்கம் வெட்டிய வெள்ளைப் பவுடர் டப்பாவைத் தலையில் கவிழ்ப்போம். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். முழு வெளிச்சத்தில் தலை சுடும் என்பதால் குறைந்த வெளிச்சத்தில்தான் வைப்பேன்.

மூன்று வருடத்தில் ஷீட்டை இரண்டு முறை மாற்றினேன், செல்லை ஒரு முறை. சுவிட்ச் மேல் இருந்த ரப்பர் கிழிந்து தண்ணீர் இறங்கியது. சைக்கிள் டியூபில் வட்டம் வெட்டிப் போட்டேன், இந்த மழைக்கும் தாங்குகிறது.