ஒரு வளையம் வலது, ஒரு வளையம் இடது: ஆறு வருட மெகா டிரைவ் அனுபவம்

போன வாரம் சேகா நிறுவனத்தின் பழைய வீடியோ கேம் மெஷினான என் மெகா டிரைவைப் பிரித்து, முன்பக்க ஹெட்ஃபோன் ஜாக்குக்குப் புதிதாகச் சாலிடர் வைத்தேன். அன்று மாலையே நண்பன் ஒருவன் கேட்டான்: "ஆறு வருஷமா வெச்சிருக்கியே, நானும் ஒண்ணு வாங்கலாமாடா?" சட்டென்று பதில் வரவில்லை. சத்தம் எப்படி என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கன்ட்ரோலர் எப்படி என்று மட்டும் கேட்டிருந்தால் அவன் மேல் எரிந்து விழுந்திருப்பேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கேட்டதால், எழுதியே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது முதல் மாடல். மேல்பக்கம் பெரிய வட்டமும், இடது ஓரத்தில் வால்யூமுக்கு ஒரு நகர்த்தும் குமிழும், முன்னால் ஹெட்ஃபோன் ஓட்டையும் உள்ளது. பழையதாகத்தான் வாங்கினேன். 1988 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த இந்த மெஷினின் 16 பிட் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

கோளாறு எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னாலே சத்தத்தைப் பற்றிப் பாதி சொன்னது போலத்தான். சில மாதங்களாக ஹெட்ஃபோனில் ஏதோ இளைத்த மாதிரி இருந்தது. ஹெட்ஃபோன் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோனிக் கேமின் முதல் பாகத்தைப் போட்டு, முதல் கட்டத்தில் வரிசையாக மிதக்கும் வளையங்களுக்குள் ஓடினேன். ஒரு வளையத்தை எடுத்தால் 'டிங்'. அடுத்ததுக்குச் சத்தமே இல்லை. அதற்கடுத்தது 'டிங்'. மறுபடி மௌனம். எண்ணிக்கை மட்டும் திரையில் சரியாக ஏறிக்கொண்டே இருந்தது. கார்ட்ரிட்ஜை எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதே கதை.

அப்புறம்தான் பொறி தட்டியது. அந்த கேமில் வளையத்தின் சத்தம் ஒன்று வலது பக்கமும் அடுத்தது இடது பக்கமும் மாறி மாறித்தான் வரும். என் ஜாக்கில் இடது பக்கம் செத்திருந்தது. மெகா டிரைவின் ஒலிச் சிப்பில் ஒரு ஒலியை இடது, வலது, இரண்டும் என மூன்றே விதமாகத்தான் வைக்க முடியும். 'கொஞ்சம் இடது பக்கமாக' என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் இடது பக்கத்து வளையம் ஒவ்வொன்றும் மிச்சம் மீதியில்லாமல் காணாமல் போனது. மெஷினைப் பிரித்து, பூதக்கண்ணாடியில் ஜாக்கின் கால்களைப் பார்த்தேன். ஒரு காலைச் சுற்றி முடி கனத்தில் வட்டமாக ஒரு விரிசல். எத்தனை தடவை பிளக்கைச் செருகி உருவியிருப்போம், அந்த ஆட்டத்தில் சாலிடர் விட்டுப்போயிருக்கிறது. பழைய சாலிடரை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வைத்தேன். கூடவே வால்யூம் குமிழின் உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து, முன்னும் பின்னும் ஒரு முப்பது தடவை நகர்த்தினேன். வால்யூமைக் கூட்டும்போது காதைக் கீறும் கரகர சத்தம் அதோடு போனது.

மூடிவிட்டு மறுபடி சோனிக். வலது, இடது, வலது, இடது. பத்து வளையங்களுக்குள் புகுந்து போகும்போது அந்த மணியோசை தலைக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் ஓடியது. இதை நான் ஆறு வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். ஒரு நாள்கூட இப்படிக் கவனித்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் மாடலின் பின்பக்கத்து வயரில் டிவிக்குப் போவது மோனோதான். ஸ்டீரியோ வேண்டுமானால் முன்பக்க ஜாக் ஒன்றே வழி. டிவியில் மட்டும் விளையாடியவர்கள் எல்லோரும் இடதையும் வலதையும் ஒன்றாகக் குழைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள். இசையமைத்தவர் பிரித்து வைத்ததை வயர் சேர்த்துவிடுகிறது. முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு வயர் இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்துப் பாருங்கள், வேறு மெஷின் வாங்கிய மாதிரி இருக்கும். வால்யூம் குமிழை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள், ஒலி உடையும். முக்கால் அளவில் நிறுத்திவிட்டு மீதியை ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ளுங்கள்.

சத்தம் அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: இதில் இருப்பது யமஹாவின் ஒய்.எம். 2612 என்ற சிப். எஃப்.எம். முறை, அதாவது ஒரு அலையை இன்னொரு அலையால் ஆட்டி மூன்றாவதாக ஒரு ஒலியைப் பிறப்பிப்பது. ஆறு தடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அலைகள். அதே காலத்து வேறு சில மெஷின்கள் நிஜக் கருவிகளின் பதிவுத் துணுக்குகளை ஓட்டின. இது பெரும்பாலும் அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகிறது. அதனால்தான் இதன் பாஸில், அதாவது அடித்தள கன ஒலியில், உலோகத்தைத் தட்டுவது போன்ற முறுக்கு. வயலின் கேட்டால் இது வயலின் தராது, ஆனால் இது தருகிற பாஸை வேறு எந்தப் பழைய மெஷினும் எனக்குத் தந்ததில்லை. ஆறாவது தடத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் அதில் பதிவு செய்த ஒலியை ஓட்டலாம். 1992இல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் என்ற அடிதடி கேமின் இரண்டாம் பாகத்தில் டிரம் அப்படித்தான் விழுகிறது. அதன் இசையமைப்பாளர் யூசோ கொஷிரோ அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு நடன அரங்கத்தையே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். முதல் கட்டம் தொடங்கி டிரம்மும் பாஸும் சேரும்போது எனக்கு இன்றைக்கும் முதுகுத்தண்டில் ஏதோ ஓடுகிறது.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு ஸ்வரம் தேய்ந்து அடங்கும்போது, கடைசி நொடியில், காகிதத்தைக் கசக்குவது போல மெல்லிய சரசரப்பு கேட்கும். இந்தச் சிப் ஆறு தடங்களையும் கூட்டி வெளியே விடுவதில்லை, மின்னல் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விடுகிறது. ஒலி மெல்லியதாகி, அலை பூஜ்யத்தைக் கடக்கிற இடத்தில் ஒரு சின்ன வெட்டு விழுகிறது. பின்னால் வந்த சிப்களில் இதைப் பெரும்பாலும் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அன்றைய இசையமைப்பாளர்கள் இந்தச் சரசரப்பைக் கேட்டுக்கொண்டேதான் மெட்டுப் போட்டார்கள், அது இல்லாமல் கேட்டால் சில பாட்டுகள் கழுவித் துடைத்த மாதிரி இருக்கின்றன. எனக்கு அது வேண்டும். 1993இல் வந்த இரண்டாம் மாடலில் பின்பக்கமே ஸ்டீரியோ கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் முன்பக்க ஜாக் இல்லை, அந்த மாடலின் பல சர்க்யூட் போர்டுகளில் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாகவும் இருக்கும். பழையதாக வாங்குகிறவர்கள் எந்த மாடல் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

சரி, கன்ட்ரோலர்.

மெஷினோடு வந்த அசல் கன்ட்ரோலர் மூன்று பட்டன்காரன். கையில் பிடித்தால் பெரிசாக, உருண்டையாக, உள்ளங்கை முழுக்க நிறையும். அதன் திசைப் பட்டனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வலது என்றால் வலது, சறுக்கி மூலைக்குக் கொண்டுபோனால் மூலை. வயர் மட்டும் கழுத்துப் பக்கத்தில் இரண்டு தடவை அறுந்து, இரண்டு தடவை ஒட்டினேன். இத்தனை வயசில் அது நியாயம்தான். இப்போது அதைத் தினசரி எடுப்பதில்லை.

ஆறு பட்டன் கன்ட்ரோலர் 1993இல் வந்தது. அதே ஒன்பது ஊசி பிளக்தான். அத்தனை பட்டன்களுக்குத் தனித்தனி வயர் கிடையாது. மெஷின் ஒரு வயரை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் கேட்க, அதே வயர்களில் ஒருமுறை பி, சி பட்டன்களும் அடுத்தமுறை ஏ, ஸ்டார்ட் பட்டன்களும் பதில் சொல்லும். ஆறு பட்டன் வந்தபோது அந்தக் கேள்வியை இன்னும் சில தடவை கேட்கவைத்து மீதிப் பட்டன்களையும் நுழைத்துவிட்டார்கள். சில பழைய கேம்கள் இதில் குழம்பும். அப்போது மோட் பட்டனை அழுத்திக்கொண்டே மெஷினை ஆன் செய்தால் அது மூன்று பட்டனாக நடந்துகொள்ளும். இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நான் வாங்கியது அதன் நகல். யார் செய்தது என்று எழுதப் போவதில்லை. வளைவு, நிறம், பட்டனின் பளபளப்பு எல்லாம் அசலைப் போலவே. ஏ, பி, சி, எக்ஸ், ஒய், இசட் ஆறும் நன்றாகவே அமுங்குகின்றன, வயரும் நீளம். நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இதன் திசைப் பட்டன் இரண்டு வருடமாக என் உயிரை வாங்குகிறது.

காலம்ஸ் என்ற கேமை விளையாடியவர்களுக்குப் புரியும். மூன்று கற்கள் ஒரு தூணாக இறங்கும், இடம் வலம் நகர்த்தி உட்கார வைக்க வேண்டும், கீழே அழுத்தினால் வேகமாக விழும். இந்தக் கன்ட்ரோலரில் வலது பக்கம் கொஞ்சம் அழுத்தமாக அழுத்தினால் கூடவே 'கீழ்' என்றும் மெஷினுக்குப் போகிறது. தூண் ஒரு கட்டம் நகர்ந்து, தப்பான இடத்தில் பொத்தென்று விழுந்துவிடும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் விரல் அழுந்தும், அந்த நேரத்தில்தான் இது காலை வாரும். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜில் இன்னும் மோசம். நேராக வலது பக்கம் போய் அடிக்க வேண்டியவன் மெல்லக் கீழே சரிந்து நடக்கிறான். எதிரியின் வரிசையிலிருந்து ஒரு இழை விலகிவிட்டால் குத்து காற்றில்தான் போகும், திரும்ப அடி நமக்கு விழும். காதுக்குள் அப்படியொரு இசை ஓடும்போது கையில் இந்த அவஸ்தை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் திருகுகளைக் கழற்றினேன். பக்கத்தில் அசல் கன்ட்ரோலரையும் திறந்து வைத்தேன். திசைப் பட்டனுக்கு அடியில், நட்ட நடுவில், ஒரு சின்ன முளை இருக்கும். பட்டன் அந்த முளையின் மேல்தான் சாய்ந்தாடும். ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் ஏறும், பக்கவாட்டுகள் அந்தரத்தில் நிற்கும். அடியில் ரப்பர் விரிப்பு, அதில் நான்கு கரித் துண்டுகள். அவை போர்டைத் தொட்டால்தான் மெஷினுக்குச் செய்தி போகும். இரண்டு பட்டன்களையும் கவிழ்த்து மேசையில் வைத்துப் பார்த்தேன். நகலின் முளை என் விரல் நகத்தின் கனம் அளவுக்குக் குட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் பட்டன் சாய்வதற்குப் பதிலாக மொத்தமாக அமுங்குகிறது, பக்கத்துக் கரியும் போர்டைத் தொட்டுவிடுகிறது. வெளியில் தெரிகிற ஒவ்வொரு வளைவையும் அச்சு எடுத்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு முளையை மட்டும் அளக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

போர்டில் கரி தொடுகிற இடத்தைச் செல்லோடேப்பால் ஓரளவு மறைத்துவிட்டால், லேசாகப் பட்டது பதிவாகாது, நேராக அழுத்தியது மட்டும் பதிவாகும். கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டி, இடுக்கியால் எடுத்து, கீழ்ப்பக்கத் தொடுமிடத்தின் இரண்டு ஓரங்களிலும் ஒட்டினேன். முதல் முயற்சியில் 'கீழ்' அறவே வேலை செய்யவில்லை. கொஞ்சம் உரித்து மறுபடி ஒட்டியதும் சரியானது. இரண்டு மாதம் நிம்மதியாக விளையாடினேன். அப்புறம் பசை இளகி டேப் நகர்ந்தது, பழையபடி சரிவு. மறுபடி திருகு, மறுபடி டேப். இதுவரை நான்கு முறை ஆகிவிட்டது. திருகு போகும் பிளாஸ்டிக் துளைகளும் தளர ஆரம்பித்துவிட்டன.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று அவன் நினைக்கலாம். ஆனால் அவனை எனக்குத் தெரியும், சாலிடர் பிடிக்கிறவன் இல்லை. டிவி வயரை மட்டும் செருகி மோனோவில் கேட்பான், கிடைத்த நகல் கன்ட்ரோலரை வாங்குவான், ஒரே மாதத்தில் அட்டைப்பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடுவான். அந்தச் சிப்புக்கு அப்படி ஒரு கதி வருவதில் எனக்குச் சம்மதமில்லை. முதல் மாடலும், நல்ல நிலையில் உள்ள அசல் கன்ட்ரோலரும் சேர்ந்தே கிடைத்தால் என்னைக் கூப்பிடட்டும், நானே வந்து பார்த்துச் சொல்கிறேன்.

நேற்று இரவு அவனுக்கு இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் இரண்டைப் போட்டேன். இரண்டு காதிலும் இசை முழுசாக இருந்தது. மூன்றாவது கட்டத்தில் ஆள் மெதுவாகக் கீழே சரிய ஆரம்பித்தான். நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்து அந்த மூன்று பட்டன்காரனை எடுத்துச் செருகினேன்.