சுபுஹுக்குத் தனி பாங்கு உள்ள கடிகாரம்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டில் இதற்கு முன் இருந்த, பாங்கு (தொழுகை அழைப்பு) ஒலிக்கும் கடிகாரத்தில் ஒரே ஒரு பதிவுதான். ஐந்து வேளைத் தொழுகைக்கும் அதுவே ஒலிக்கும். சுபுஹில், அதாவது அதிகாலைத் தொழுகையின் பாங்கில், 'ஹய்ய அலல் ஃபலாஹ்' (வெற்றியின் பக்கம் வாருங்கள்) முடிந்ததும் இரண்டு முறை வரவேண்டிய 'அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்' அதில் வரவே வராது. தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று சொல்லி எழுப்புகிற வரி அது. அது இல்லாமல் சுபுஹு பாங்கா? புதுக் கடிகாரம் வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்டதே இதைத்தான்.

இதில் சுபுஹுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. முதல் தக்பீர் ('அல்லாஹு அக்பர்') மெதுவாக ஆரம்பித்து, போகப் போகத்தான் சத்தம் கூடுகிறது. திடுக்கிட்டு எழ வேண்டியதில்லை. அந்த வரி வரும்போது என் 12 வயது மகன் கண்ணைத் திறக்காமலே 'ஸதக்த வ பரிர்த' (உண்மை சொன்னாய், நன்மை செய்தாய்) என்று பதில் சொல்கிறான். இரண்டாம் முறை வரும்போது எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். கொடுத்த காசுக்கு எனக்கு அதுவே போதும்.

அடுத்து, திரை. பாங்கு முடிந்ததும் சூரிய உதயத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று காட்டுகிறது. உதயத்தோடு சுபுஹு நேரம் முடிந்துவிடும் என்பதால், இது எவ்வளவு பெரிய உதவி என்று பயன்படுத்தும்போதுதான் தெரிந்தது. நிறைய நேரம் இருந்தால் அவசரமே இல்லை. ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்துவிட்டு, கடமைக்கு முன் தொழும் உபரித் தொழுகையான முன் சுன்னத் இரண்டு ரக்அத்தை (தொழுகையின் ஒரு சுற்று ஒரு ரக்அத்) சுருக்கமாகத் தொழுகிறோம், குர்ஆனின் சிறு அத்தியாயங்களான காஃபிரூனும் இக்லாஸும் ஓதி. பிறகு ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) இரண்டு ரக்அத், அதில் கிராஅத்தை (குர்ஆன் ஓதுவதை) சத்தமாக, கொஞ்சம் நீட்டி ஓதுகிறேன். நபி (ஸல்) அவர்கள் சுபுஹில் 60 முதல் 100 ஆயத்து (வசனம்) வரை ஓதியதாக ஹதீஸில் வருகிறது. நாங்கள் ஷாஃபிஈ சட்டப்பிரிவைப் பின்பற்றுவதால் இரண்டாவது ரக்அத்தின் இஃதிதாலில் (குனிந்து நிமிர்ந்து நிற்கும் நிலையில்) குனூத் என்ற துஆவும் (பிரார்த்தனை) உண்டு. மகன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு துஆவுக்கும் ஆமீன் சொல்வான்.

ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது திரையில் 7 நிமிடம். ஒளுவுக்கு இரண்டு நிமிடம் போனது. சுன்னத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக ஃபர்ளுக்கு நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்தேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த எண் கண்ணில் படாமல் இருந்திருந்தால், பழக்கதோஷத்தில் சுன்னத்திலேயே நேரத்தை விட்டிருப்பேன்.

இனி குறை. இது சாதாரணக் குறை இல்லை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் (சுபுஹு நேரம் தொடங்கும் வைகறை) என்பதை இதில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்: 15, 18, சவூதியின் உம்முல் குரா முறையில் 18.5, எகிப்து முறையில் 19.5. எங்கள் பள்ளிவாசல் அட்டவணைக்கு 18தான் ஒத்துவந்தது. ஆனால் மின்சாரம் போய் வந்தால் இது தானாகவே 15க்குப் போய்விடுகிறது. ஒரு பாகைக்குக் குறைந்தது 4 நிமிடம் என்றால் மூன்று பாகைக்கு 12 நிமிடமாவது பிந்தும். ரமலானில் ஒரு நாள் இதை நம்பி ஸஹரில் (நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் நேரத்தில்) தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பள்ளியில் பாங்கு சொல்லி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நோன்பை வீட்டில் எல்லோரும் கழா செய்தோம், அதாவது பிறகு ஒரு நாள் ஈடாக நோற்றோம். தயாரிப்பாளருக்கு எழுதினேன், பதில் இல்லை. உள்ளே ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

திரை வெளிச்சத்தையும் குறைக்க முடியவில்லை. இரவில் ஒரு துணியைப் போட்டு மூடிவைக்கிறேன்.

வாங்குகிறவர்கள் முதல் வேலையாகப் பாகையை உங்கள் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிட்டு வையுங்கள். மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும், படுக்கப் போகும் முன் அதை மறுபடி பாருங்கள்.