சாப்பாட்டுக் கூப்பன் புத்தகம் வாங்கிய காரைக்குடிக்காரர்கள் கவனிக்க: இரண்டு மெனு கார்டு

காரைக்குடியில் சில மாதங்களாக ஒரு கூப்பன் புத்தகம் விற்கிறார்கள். துணிக்கடை வாசலிலோ சூப்பர் மார்க்கெட் வாசலிலோ சின்ன மேஜை போட்டு, டை கட்டிய பையன்கள் நிற்பார்கள். விலை 499 ரூபாய். உணவகம், சலூன், விடுதி என்று ஒவ்வொன்றுக்கும் கிழித்துக் கொடுக்கிற சீட்டுகள் உள்ளே இருக்கும். பழைய நகரத்தார் வீடு ஒன்றை உணவகமாக மாற்றிய இடத்தில் அந்தச் சீட்டைக் கொடுத்து நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை; இதே வேலையை எந்தக் கடையும் செய்யலாம்.

பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் போயிருந்தோம். அதில் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகள் கல்யாணத்துக்காக வந்தவன். அவன் விருந்தாளி, நாங்கள் நாலு பேரும் பகிர்ந்து கொடுப்பது என்று பேச்சு. புத்தகம் வங்கியில் வேலை பார்க்கும் நண்பனுடையது. முதல் நாளே கடைக்குப் போன் போட்டுக் கேட்டான். "வாங்க சார், மொத்த பில்லுல முப்பது பர்சென்ட் கழிச்சுக் கொடுப்போம்" என்றார்கள். உட்கார்ந்ததும், ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலேயே சீட்டை எடுத்துச் சப்ளையரிடம் காட்டினான். முறையாகச் செய்கிறவர்கள் செய்வது இதுதானே. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் சீட்டை நீட்டினால் கடைக்காரருக்கும் எரிச்சல், நமக்கும் வாக்குவாதம்.

சப்ளையர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜைமேல் இருந்த துணி அட்டை போட்ட மெனு கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதோ வந்துர்றேன் சார்" என்று போனவர், லேமினேஷன் செய்த வேறு கார்டோடு வந்தார். பழையதைத்தான் மாற்றிக் கொண்டுவருகிறார் என்று யாருக்கும் தோன்றும்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டுக்கோழி மிளகு வறுவலில் கல்பாசி வாசம் சரியாக இறங்கியிருந்தது. கவுனி அரிசி இனிப்பும் தேங்காய்ப்பூவோடு பதமாக இருந்தது. சுக்காவில்தான் காரம் அள்ளிக்கொண்டு போனது. வெளியூர்க்காரர்கள் செட்டிநாடு என்றாலே கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், கடைக்காரர்களும் அப்படியே போட்டுக் கொடுக்கிறார்கள். எங்கள் ஆச்சிகள் யாரும் இப்படிச் சமைத்து நான் பார்த்ததில்லை. சரி, அது வேறு கதை.

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுக் குழந்தை மெனு கார்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தது. கார்டு நழுவி என் நாற்காலிக்குக் கீழே வந்து விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனவன் கண்ணில் விலை பட்டது. அந்தக் கார்டில் மிளகு வறுவல் 300, எங்கள் கார்டில் 390. சுக்கா அதில் 320, எங்களுக்கு 420. குழந்தையின் அப்பாவிடம் கேட்டு, இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

பில் வந்தது. லேமினேஷன் கார்டு விலைப்படி 3,740 ரூபாய். அதில் முப்பது சதவீதம், 1,122 கழித்திருந்தார்கள். மீதி 2,618. பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 374, ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம் 187. சர்வீஸ் சார்ஜையும் ஜி.எஸ்.டி.யையும் கழிப்பதற்கு முந்தைய 3,740-க்குப் போட்டிருந்தார்கள். ஆக மொத்தம் 3,179.

இனி பக்கத்து மேஜைக் கார்டின்படி கணக்குப் போடுங்கள். நாங்கள் சாப்பிட்ட அத்தனையும் 2,900 ரூபாய். வரி 145. கூப்பனே இல்லாமல் சாப்பிட்டிருந்தால் 3,045-இல் முடிந்திருக்கும். தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்ததற்காக 134 ரூபாய் அதிகம் கேட்டார்கள்! போனில் சொன்னபடி ஒழுங்காகக் கழித்திருந்தால் 2,131 ரூபாய் 50 பைசா வந்திருக்க வேண்டும்.

கல்லாவில் இருந்தவரிடம் போனோம். "அது ஆஃபர் கார்டு ரேட்டுண்ணே, கூப்பனுக்குத் தனி ரேட்டுதான்" என்றார். போனில் அப்படிச் சொல்லவில்லையே என்றால், "போன்ல யாரு பேசுனாகன்னு தெரியலையே." சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு எழுத்தில், 'தேர்ந்தெடுக்கப்பட்ட மெனுவுக்கு மட்டும்' என்று இருந்தது. எந்த மெனு, என்ன விலை என்று ஒரு வார்த்தை இல்லை.

அதற்குள் சிங்கப்பூர் நண்பன் எழுந்து வந்துவிட்டான். "விடுங்கப்பா, எதுக்கு இதெல்லாம், நான் கொடுத்துர்றேன்" என்று தன் வங்கிக் கார்டை நீட்டினான். கல்லாக்காரர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் எதிர்பார்த்துக் காத்திருந்ததே அதைத்தான். விருந்தாளி பக்கத்தில் நிற்கும்போது நம் ஊர்க்காரன் நூறு இருநூறுக்கு வாய் திறக்க மாட்டான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஏற்பாடு முழுக்க அந்தக் கூச்சத்தை நம்பித்தான் ஓடுகிறது. கல்யாணத்தையே இசைகுடிமானம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊரில், மொய்க் கணக்கை நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற ஊரில், ஒரு சாப்பாட்டுக் கணக்கைக் கேட்பது மட்டும் எப்படிக் கௌரவக் குறைச்சல் ஆனது என்று எனக்கு விளங்கவில்லை.

வங்கி நண்பன் விருந்தாளியைத் தோளில் கை போட்டு முகப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆத்தங்குடிக் கல்லைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தான். நான் கல்லாவில் நின்றேன்.

சர்வீஸ் சார்ஜைப் பற்றி முதலில் கேட்டேன். உணவகம் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை 2025 மார்ச் 28-இல் தில்லி உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் 374-ஐ எடுத்துவிட்டார். கேட்காதவர்களிடம் மட்டும் வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

வரி விஷயத்தில் "சாஃப்ட்வேர் அப்படித்தான் போடும்" என்று சாதித்தார். கடைக்காரர் தன் கையிலிருந்து விட்டுக்கொடுக்கிற தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினால், அதைக் கழித்த மீதித் தொகைக்குத்தான் ஜி.எஸ்.டி. போட வேண்டும். இதில் ஒரு வித்தியாசம் உண்டு. முன்பணம் கட்டி வாங்குகிற 500 ரூபாய், 1,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் பணத்துக்குச் சமம். அதைக் கொடுத்தால் முழு பில்லுக்கும் வரி வருவது நியாயம்தான். எங்கள் சீட்டு அந்த ரகம் இல்லை. பில்லில் 'காம்போசிஷன்' (விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கடையே வரியாகக் கட்டிவிடும் திட்டம்) என்று போட்டிருக்கிற சின்னக் கடைகள் நம்மிடம் வரி தனியாக வசூலிக்கவே கூடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்டு விஷயத்தில் அவர் அசையவில்லை. 2,805 ரூபாய் கட்டி, பில்லை வாங்கிக்கொண்டு வந்தோம். சீட்டே இல்லாமல் சாப்பிட்டதைவிட 240 ரூபாய் மிச்சம். புத்தகம் 499 ரூபாய்.

மறுநாள் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். வழக்கமான விலை எது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகச் செயல் என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு கார்டின் படமும் பில்லும் கையில் இருப்பதால்தான் என்னால் பேச முடிகிறது. கடையிலிருந்து ஒருவர் அழைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "அடுத்த தடவை வாங்க சார், இருபது பர்சென்ட் கூப்பன் தர்றோம்" என்கிறார்.

இப்போது எங்கள் கூட்டத்தில் நடைமுறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். ஆர்டருக்கு முன்னால் சீட்டைக் காட்டுவது அப்படியே இருக்கட்டும், ஆனால் அதற்கும் முன்னால் மெனு கார்டை வாங்கிப் படம் எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு கார்டை மாற்றினால் ஏன் என்று கேட்கலாம். கல்லாவில் பேசப்போவது யார் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்கிறோம். மற்றவர்கள் அந்த நேரத்தில் குறுக்கே வந்து பணம் கட்ட வங்கிக் கார்டை நீட்டக் கூடாது.

தள்ளுபடியில் வந்த மிச்சம் யாருக்கு என்பதிலும் கூட்டத்துக்குள் மனக்கசப்பு வரும். என்னைக் கேட்டால், புத்தகம் வாங்கியவனின் காசை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சிலர் ஆளுக்கு முழுப் பங்கை வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சீட்டைக் கொடுத்து மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அதைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ட்ரீட் கொடுக்கிறவர் கூப்பன் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் வந்தவர்களிடம் "காம்போ மட்டும் சொல்லுங்க, அதுக்குத்தான் ஆஃபர்" என்று சொல்லக் கூடாது.

டிப்ஸை மட்டும் தள்ளுபடிக்கு முந்தைய தொகையை வைத்துக் கொடுங்கள். சப்ளையர் சுமந்து வந்தது முழுச் சாப்பாட்டை. எங்களுக்குக் கார்டை மாற்றிக் கொடுத்த பையன்கூட முதலாளி சொன்னதைச் செய்தவன்தான். அவன் கையில் தனியாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

புத்தகம் விற்கிற மேஜை இப்போது தேவகோட்டைப் பக்கம் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் போக நினைக்கிற கடையின் சீட்டைத் திருப்பிப் படியுங்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்ட மெனு' என்று இருந்தால் அங்கேயே நின்று அந்தக் கடைக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: எந்த மெனு, தனி விலையா, சனி ஞாயிறு செல்லுமா, மேஜைக்கு ஒன்றா ஆளுக்கு ஒன்றா. பதில் எழுத்தில் வராவிட்டால் புத்தகத்தை அந்தப் பையன்களிடமே கொடுத்துவிடுங்கள்.