லாட்ஜ் வைத்தியரிடம் நான் இழந்த 71,500 ரூபாய்

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வவுச்சர் இல்லாமல் 200 ரூபாய் செலவெழுதிய சங்கச் செயலாளர்களைத் தணிக்கைத் தடை எழுதியே தூங்கவிடாமல் அடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், மதுரை பெரியார் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பதிலுக்குத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது. கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, பெயர்கூட இல்லை. ரசீது எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

எனக்கு வயது 61. ஓய்வுபெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தூக்கம் கெட்டுவிட்டது. பத்து மணிக்குத் தலை சாய்த்தால் உடனே கண் அசந்துவிடும். ஆனால் விடிவதற்குள் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவேன். காலையில், இரவெல்லாம் மூட்டை தூக்கியவன் போல உடம்பு கிடக்கும். பேரேட்டைத் திறந்தால் எழுத்து மங்கிக் கண் சொருகும். என் குறட்டை தாங்காமல் மனைவி சமையலறையை ஒட்டிய சிறு அறையில் பாய் விரிக்கத் தொடங்கினாள். மற்றதும் அந்தக் காலத்தில்தான் நின்றுபோனது. மற்றது என்றால் என் வயதுக்காரர்களுக்குப் புரியும். ஆனாலும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், வாயை மூடியிருந்ததால்தானே ஏமாந்தேன். விறைப்பு வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை. மனைவியிடம் இதைப் பேசவில்லை. பிராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமும் பேசவில்லை.

இரவில் இரண்டாவது முறை எழுந்தபின் தூக்கம் திரும்பாது. தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளூர் கேபிளில் அந்த நேரத்துக்கு வேறென்ன வரும்? காவி சால்வை, நெற்றி நிறைய விபூதி, பின்னால் மாலை போட்ட தாத்தா படம், 'ஏழு தலைமுறை வைத்தியம்'. ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த லாட்ஜ் என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அவை ஏன் நள்ளிரவுக்குப் பிறகு வருகின்றன என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த நேரத்தில் விழித்திருக்கிற கிழவன்தான் அவர்களுடைய சரக்குக்கு ஏற்ற ஆள்.

மறுநாள் அந்த எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்து, மிகவும் கனிவாக "ஐயா" என்று பேசினாள். அவள் கேட்ட முதல் கேள்வி என் வயது. இரண்டாவது, என்ன வேலை. மூன்றாவது, ஓய்வுபெற்று எவ்வளவு நாள் ஆகிறது. பணிக்கொடை கைக்கு வந்துவிட்டதா என்று அவள் நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, பிறகு லாட்ஜில் பார்த்த வைத்தியரும் கேட்கவில்லை.

லாட்ஜ் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் முறை வந்தது. வைத்தியர் இரண்டு நிமிடம் நாடி பிடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இளமையில் கை தவறு செய்திருக்கிறது" என்றார். எந்த ஆணிடம் சொன்னாலும் பலிக்கிற ஜோசியம் அது! எனக்கு அப்போது அது தோன்றவில்லை, குலை நடுங்கியது. நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து, அதை வீணாக்கியதால் நரம்புத் தளர்ச்சி, தூக்கம் கெட்டதும் அதனால்தான், இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் கை கால் விழுந்துவிடும் என்று அடுக்கினார். இந்தப் பயத்தை ஒரு நோய்க்குறியாகவே மனநல மருத்துவத்தில் பதிவு செய்து, 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960இல் பெயரிட்டவர் என்.என். விக் என்ற இந்திய மருத்துவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நோய்க்குப் பெயர் வைத்து அறுபது ஆண்டு கடந்துவிட்டது. அதை வைத்துப் பிழைப்பவர்கள் இன்னும் லாட்ஜ் லாட்ஜாக ஊர் சுற்றுகிறார்கள்.

ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாளுக்கு, மருந்து கொடுத்தார்கள். ஒரு டப்பா லேகியம், தங்க பற்பம் சேர்த்ததாம். இரவுக்குக் கறுப்பு உருண்டைகள், தூக்கத்துக்கு. 'தேவைப்படும் நாளில்' ஒன்று என்று பச்சைக் கேப்சூல்கள். எதன் மேலும் ஒரு எழுத்துக் கிடையாது.

உருண்டையைப் போட்டால் தூக்கம் அடித்துப்போட்டது போல வந்தது. ஆனால் காலையில் பத்து மணி வரை தலை தூக்க முடியவில்லை. கேப்சூலோ ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது. முகம் சிவந்து சூடேறியது, மூக்கு அடைத்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது, குழல் விளக்கைச் சுற்றி லேசாக நீலம் படர்ந்ததுபோல் இருந்தது. மூலிகையின் வீரியம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அன்றிரவு மனைவியை நெருங்கினேன். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. விருப்பமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

முதல் மண்டலம் முடிந்ததும் 26,000 ரூபாய்க்கு இரண்டாவது. 'வேர் வரை போக வேண்டும்' என்று மூன்றாவதுக்கு 27,000. அதைக் கைப்பேசியில் ஓர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியபின் திரையில் தெரிந்தது ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயர். சங்கக் கணக்கில் இப்படி ஒரு பதிவைப் பார்த்திருந்தால் அன்றே செயலாளரை இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்திருப்பேன்.

மூன்றாவது மண்டலத்தின் 12ஆம் நாள். நடுச்சாமத்தில் கேப்சூல் போட்டிருந்தேன். சிறுநீர் கழிக்க எழுந்தவன் குளியலறை வாசலில் சரிந்து விழுந்துவிட்டேன். நெற்றியில் ஐந்து தையல். அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த பெண் மருத்துவருக்கு என் மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் மனைவி பையிலிருந்து அந்தப் பச்சைக் கேப்சூல்களை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மருத்துவர் திட்டவில்லை. மூலிகை என்று விற்கிற இந்தவகைக் கேப்சூல்களில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து, கலந்திருப்பது உலகம் முழுக்க நடக்கிற மோசடி என்றார். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. உரிய பரிசோதனைக்குப் பிறகு உரிய அளவில் மருத்துவர்களே எழுதிக் கொடுப்பதுதான். என் முகச் சிவப்பு, மூக்கடைப்பு, நீல வெளிச்சம் எல்லாம் அதன் அடையாளங்கள். டாம்சுலோசினோடு அளவு தெரியாமல் சேர்த்தால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். அடுத்து அவர் சொன்னதுதான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. நெஞ்சு வலி என்று வந்திருந்தால், நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்போம். நீங்களும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பொய் சொல்லியிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தால் உயிரே போயிருக்கும் என்றார். நான் அந்தக் கேப்சூலை ஆய்வகத்தில் சோதிக்கவில்லை, ஆகவே இன்னதுதான் கலந்திருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். மீதமிருப்பதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்து, "இவர் குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அணை உடைந்தது. குறட்டை விடுவார், திடீரென்று நின்றுவிடும், மூச்சே இருக்காது, நான் எழுந்து நெஞ்சைப் பார்ப்பேன், பிறகு பன்றி உறுமுவது போல ஒரு சத்தத்தோடு மூச்சு வரும், எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், இவர் கேட்டால்தானே என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லியிருந்தாள்தான். நான் கேலி என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் தூக்கப் பரிசோதனை. மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுகிறது. 30க்கு மேல் போனால் கடுமையானது என்று கணக்கு. தூக்க மூச்சுத்திணறல் என்றார்கள். அடைத்த தொண்டையோடு உடம்பு போராடும்போது இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது சிறுநீரை அதிகமாக்குகிறது. நான்கு முறை எழுந்ததற்குப் பிராஸ்டேட் மட்டும் காரணமில்லை. ஆண்மைக்கான டெஸ்டோஸ்டிரோனும் பெரும்பாலும் தூக்கத்தில்தான் சுரக்கிறது. சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகளுக்கே 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டதாம். நான் எத்தனை ஆண்டுகளாகத் தூங்காதவன்! ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1. சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. விறைப்புக் குறைவை இதய நோயின் முன்னறிவிப்பாகவும் பார்க்க வேண்டும், ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும் என்று சொல்லி இதயத்தையும் சோதித்தார்கள். தூக்க உருண்டையைப் பற்றிக் கேட்டபோது, மூச்சு தடைப்படுகிறவனுக்கு மயக்க மருந்து கொடுப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது என்றார் மருத்துவர்.

கணக்கைப் பாருங்கள். தூக்கப் பரிசோதனைக்கு 7,500 ரூபாய். இரவில் முகமூடி வழியாகக் காற்றுத் தரும் சிபாப் கருவிக்கு 41,000. ஆக 48,500. லாட்ஜில் கொடுத்ததில் இவை போக 23,000 மிஞ்சியிருக்கும். முதல் வாரம் முகமூடி யானைத் தும்பிக்கை மாட்டியதுபோல இருந்தது. பேத்தி பார்த்துவிட்டு அழுதாள். மூன்றாவது வாரத்தில் இரவில் ஒரே ஒரு முறைதான் எழுந்தேன். சர்க்கரை இறங்க நான்கு மாதம் ஆயிற்று. மற்றது மெதுவாக, முழுதாக இல்லை, ஆனால் திரும்பி வந்தது. பச்சைக் கேப்சூல் இல்லாமல்.

என் மனைவியின் பக்கத்தையும் அவள் அனுமதியோடு எழுதுகிறேன். மாதவிடாய் நின்றபிறகு அவளுக்கும் இரவில் உடம்பு தீயாய் எரிந்து, வியர்த்து, விழிப்பு வந்துகொண்டிருந்திருக்கிறது. உறுப்பில் வறட்சி, அதனால் வலி. எனக்கு அவள்மேல் நாட்டமில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளுக்கு என்மேல் வெறுப்பு என்று நான் நினைத்திருக்கிறேன். மகப்பேறு மருத்துவர் அவளைப் பரிசோதித்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் களிம்பு ஒன்று எழுதிக்கொடுத்தார். விலை சில நூறு ரூபாய். ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இரண்டு பேர் விழித்துக் கிடந்திருக்கிறோம்.

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் பால்ய நண்பர் ஒருவர் ஐந்தரை ஆண்டுகள் பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி எதுவுமே இல்லாததை மருந்து என்று எப்படி வாயில் போட்டாய் என்றார். தங்க பற்பம் என்றதும் சிரித்துவிட்டார். இன்றைய தங்க விலை தெரியுமா உனக்கு என்று கேட்டார். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்ததைச் சொல்லி, சிறுநீரகப் பரிசோதனைக்கும் அனுப்பினார். நல்லவேளை, பழுதில்லை. அமுக்கராச் சூரணம்தான், அதாவது அஸ்வகந்தாப் பொடிதான், வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலேயே முறையாகப் பார்த்துத் தருவார்கள் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அழைத்தேன். கனிவுப் பெண் இல்லை. ஓர் ஆண் குரல். "உங்கள் வீட்டு அம்மாவிடம் பேசட்டுமா, எதற்கு மருந்து வாங்கினீர்கள் என்று?" என்றது. வராந்தாவில் எங்களை முகம் பார்க்கவிடாமல் செய்த அதே வெட்கத்தைத்தான் அவர்கள் கடைசி வரை பிணையமாக வைத்திருக்கிறார்கள். தாராளமாகப் பேசு, பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றேன்.

பாலுறவுச் சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. விளம்பரத்தைத் தேதியோடு பதிவு செய்து, துண்டுச் சீட்டின் நகலோடு சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவத் துறை இயக்குநரகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கைப்பேசியில் அனுப்பிய 27,000க்கு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார். பணம் போன உடனே அழைத்திருந்தால் முடக்கியிருக்கலாம், நான் போனது தாமதம். நுகர்வோர் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது கேட்பார்கள். என்னிடம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

சென்ற வாரம் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அதே கனிவுக் குரல், ஐயாவின் மண்டலம் நிறைவடைந்ததா என்று விசாரித்தது. மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டு, மருந்தின் உரிம எண்ணைச் சொல்லம்மா, எழுதிக்கொள்கிறேன் என்றாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிட்டேன்.