காயிதே மில்லத் வாழ்க்கை வரலாறு: வாங்கிப் படித்தவரின் மதிப்புரை

இந்திய யூனியன் முஸ்லிம் லீக் கட்சியின் தலைவராக இருந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப்பின் வாழ்க்கையைச் சொல்லும் நூல் ஒன்றை அண்மையில் வாங்கிப் படித்தேன். நூற்கட்டில் குறையில்லை, எழுத்துப் பெரியது, தாள் தடிமனானது, வயது முதிர்ந்தவர்களும் கண் வலிக்காமல் படிக்கலாம்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தது, ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப்படிப்பைக் கைவிட்டது, தோல் வணிகத்தில் பெயர் பெற்றது ஆகியவை முதல் பகுதியில் விரைவாகக் கடந்துபோகின்றன. நூல் உயிர் பெறுவது 1948 மார்ச் 10 பற்றிய அத்தியாயத்தில்தான். பிரிவினைக்குப் பிறகு, முஸ்லிம் லீக் கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற குரல் முஸ்லிம் சமுதாயத்திற்குள்ளிருந்தே எழுந்த நாள்களில், சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடியவர்கள் அதை இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் தொடர்ந்து நடத்துவதென முடிவெடுத்ததன் பின்னணியை ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார். தமிழரான அவரை 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்களவைக்கு அனுப்பிய கதையும் நன்றாக வந்திருக்கிறது.

இந்திய அரசியலமைப்பை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய பணி பற்றிய பகுதியில் மட்டும் எனக்கு மனநிறைவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில் அவர் தமிழின் தொன்மையையும் இலக்கியச் சிறப்பையும் பெருமையுடன் எடுத்துரைத்ததை நூல் பல பக்கங்களுக்கு விரித்துரைக்கிறது. ஆனால் அதே விவாதத்தில், தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும், இந்தியும் உருதும் கலந்த பொதுவழக்கான இந்துஸ்தானியை அவர் ஆதரித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேடைப் பேச்சில் இதை விட்டுவிடலாம்; வரலாற்று நூலில் விடலாமா? அதைவிடப் பெரிய குறை, 1949 மே மாதத்தில், முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறையைக் காக்க அவர் முன்வைத்த வாதம் நான்கு வரிகளில் முடிந்துவிடுவதுதான். பட்டேல் அதைக் கடுமையாக மறுத்தார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள். சொந்தச் சமுதாயத்தாரே முழுமையாக உடன்வராத நிலையிலும் அவையில் எழுந்து பேசிய அந்தத் துணிவை விவரித்திருந்தால், எளிமையைப் போற்றும் இருபது நிகழ்ச்சிகளைக் காட்டிலும் அவருடைய இயல்பு துலங்கியிருக்கும். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் தான் பின்பற்றும் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி எந்தச் சமூகத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1948 நவம்பரில் அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு மட்டும் உரிய இடம் கிடைத்திருக்கிறது.

1972 ஏப்ரல் 5 அன்று அவர் மறைந்ததையும், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டதையும் சொல்லும் இறுதி அத்தியாயம் மிகையின்றி எழுதப்பட்டுள்ளது. படங்கள் பலவற்றில் உடன் நிற்பவர்களின் பெயர்கள் இல்லை. பெயரகராதியும் இல்லாததால், படித்த செய்தியை மீண்டும் தேட நான் ஓரங்களில் பென்சிலால் குறிக்க வேண்டியதாயிற்று. அவரைப் பெயரளவில் மட்டும் அறிந்த கல்லூரி மாணவர்களுக்கு இதை வாங்கித் தரலாம். ஆய்வு செய்வோர் அவை விவாதப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும்.