எண்ணெய்ப் பாறைக்கு எந்த வழி: தோண்டிச் சுடுவதா, மண்ணுக்குள்ளேயே சூடாக்குவதா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிசான்ஸ் படுகையில் கிடைக்கும் எண்ணெய்ப் பாறையில் இருப்பது எண்ணெய் அல்ல, இன்னும் எண்ணெயாக மாறாத கெரோஜன் என்ற கரிமப் பொருள். அதைச் சூடாக்கினால்தான் எண்ணெய் வரும், அதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி பழையது. பாறையை வெட்டி, நொறுக்கி, உலையில் சுமார் 500 டிகிரியில் சுடுவது. சுட்ட பாறை பொரி மாதிரி உப்பிவிடுவதால் தோண்டிய குழியிலேயே அது முழுக்க அடங்காது, மலையாகக் குவியும் அந்தச் சக்கையைக் குளிர வைக்கவும் தூசி அடக்கவும் செடி வளர்க்கவும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவதில் பாறையைத் தொடுவதில்லை. துளை போட்டு, மின்சூடேற்றிகளை இறக்கி, வருடக்கணக்கில் மெதுவாகச் சூடாக்குவது. ஷெல் நிறுவனம் நிலத்தடி நீர் உள்ளே வராதபடி சுற்றிலும் மண்ணை உறைய வைத்துச் சுவர்கூட எழுப்பிப் பார்த்தது, 2013-இல் விட்டுவிட்டது.

சரி, தண்ணீர்? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2010-இல் தொகுத்த மதிப்பீடுகளின்படி, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு முதல் வழியில் 2 முதல் 4 பீப்பாய் தண்ணீர், இரண்டாவதில் 1 முதல் 12, சராசரி சுமார் 5. சுத்தமாகத் தெரியும் வழிதான் அதிகம் குடிக்கிறது, ஏனென்றால் அந்த மின்சாரத்தைத் தரும் நிலையங்களுக்கும், சூடாக்கி முடித்த பாறையைக் கழுவவும் தண்ணீர் வேண்டும். தினம் 10 லட்சம் பீப்பாய் எடுக்கும் தொழிலாக வளர்ந்தால் இரண்டாவது வழியின் சராசரிக் கணக்கில் தினம் கிட்டத்தட்ட 80 கோடி லிட்டர் தண்ணீர். அதுவும் மாநிலங்கள் ஆற்று நீரைப் பிரித்துக்கொண்ட 1922 ஒப்பந்தத்திலேயே இருப்பதைவிட அதிகமாகப் பங்கு போட்ட கொலராடோ ஆற்றுப் படுகையில்.

என்னைக் கேட்டால் தோண்டும் வழியே மேல், தேவை எவ்வளவு என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். 1-க்கும் 12-க்கும் நடுவே ஊசலாடும் கணக்கை நம்பி எந்த விவசாயியிடம் போய் வாய்க்கால் தண்ணீரைக் கேட்பது?